‘வடிவம் பற்றி அக்கறை இல்லை’

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

உங்கள் தங்கை மகள் எழுதுவது. போனில் இரண்டு நிமிடத்தில் பேசி முடிக்கிற விஷயத்துக்கு இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுப் போனை எப்போதும் அண்ணிதான் எடுக்கிறார்கள், எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார்கள். எங்கள் வீட்டிலோ இரண்டே அறை, ஒரு அறையில் தும்மினால் அடுத்த அறையில் நூறு ஆயுசு என்பார்கள். நான் எழுதப்போகிற சில சொற்கள் எனக்கு வாயில் வராது. காகிதத்தில் என்றால் முகம் தெரியாது. சின்ன எழுத்து உங்களுக்குச் சிரமம் என்று அம்மா சொன்னதால் பெரிதாக எழுதுகிறேன். பக்கங்களின் எண்ணிக்கையைப் பார்த்து, ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துவிடாதீர்கள். எதுவும் ஆகவில்லை, ஆபரேஷனுக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது.

உங்கள் முட்டி வலி எப்படி இருக்கிறது? அண்ணனும் குழந்தைகளும் சுகமா? இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது. சுகமில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

அம்மா இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். லாட்ஜின் லாண்டரியில் விடுப்பு வரும் செவ்வாயிலிருந்துதான். படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும் என்பதால் அம்மாவுக்கு எப்போதும் ஜோடி, ‘ரேடியோ’ என்று எல்லோரும் கூப்பிடுகிற அந்த அக்காதான். இப்போது இடது கையைத் தூக்க அம்மா தயங்குவதைப் பார்த்து, ரேடியோ அக்கா தன் பக்கத்து முனையை உயரப் பிடித்துக்கொண்டு அம்மா பக்கத்தைத் தாழ்வாக விடுகிறாராம். விரிப்பெல்லாம் கோணலாக மடிகிறது, மேற்பார்வையாளர் திட்டுகிறார், இருவரும் சிரிக்கிறார்கள். நீ லீவு போட்டால் நான் யாரோடு பேசுவேன், பெட்ஷீட்டோடயா என்று கேட்டாராம். அதை என்னிடம் சொல்லும்போது மட்டும்தான் இந்த வாரம் அம்மா சிரித்தாள்.

அப்பா வழக்கம்போல டெலிவரி வேன் ஓட்டுகிறார். ஆஸ்பத்திரிக்கும் அதிலேயே வருகிறார். டாக்டர் வாயைத் திறந்ததும், வேனை சரியாக நிறுத்தினேனா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று போய்விடுகிறார். இந்த ஊரிலேயே இவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்ளப்படுகிற வேன் வேறு இருக்காது. ஒரு முறை தேடிப் போனேன். ஸ்டீயரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, ஓடாத வண்டியில் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூப்பிடாமல் திரும்பி வந்துவிட்டேன்.

எனக்கு ஒன்றுமில்லை, களைப்புத்தான். இதுவரை பதினொரு முறை போய் வந்திருக்கிறோம். டோக்கன் வாங்க ஒரு வரிசை, ரத்தம் கொடுக்க ஒரு வரிசை, அந்த ரத்தம் என்ன சொன்னது என்று கேட்க இன்னொரு வரிசை. காத்திருக்கும் கூடத்தில் எந்த நாற்காலிக்குக் கால் ஆடும், எந்த மின்விசிறி சுற்றாது என்பதெல்லாம் எனக்குப் பாடமாகிவிட்டது. ஆபீசில் நான்கு பார்சலுக்கு முகவரி மாற்றிப் பதிந்துவிட்டேன்.

பெரியம்மா, முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொன்னால்தான் மற்றதைச் சொல்ல முடியும்.

நம் இரண்டு வீட்டிலும் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். படித்தது வேதியியல், பார்ப்பது கூரியர் ஆபீசில் முகவரி பதிகிற வேலை. ஆனாலும் எந்த மருந்துச் சீட்டு வந்தாலும், எந்த ஃபாரம் வந்தாலும் என் கைக்குத்தான் வரும். கெமிஸ்ட்ரி படித்தவளுக்குத் தெரியாதா என்பார் அப்பா. மின்விசிறி ரிப்பேர் ஆனபோதும் அதையேதான் சொன்னார். அதனால் ஆபரேஷன் செய்யப்போகிற டாக்டரை முதன்முதலாகப் பார்த்த அன்றும் நான்தான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். அம்மா பக்கத்தில். அப்பா அதிசயமாக அன்றைக்கு வேனைப் பார்க்கப் போகாமல், ஸ்கேன் கவரைப் பிடித்துக்கொண்டு என் பின்னால் நின்றார்.

டாக்டர் நடுத்தர வயதுப் பெண்மணி. வேகமாக, பாதி ஆங்கிலத்தில் பேசுவார். நான் அம்மாவுக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். கட்டி கோலிக்குண்டைவிடச் சற்றுப் பெரிது, இடது மார்பின் கீழ்ப்பக்கம், ஆரம்ப நிலை என்று சொன்னார். அதுவரை ஒழுங்காகச் சொல்லிவிட்டேன். பிறகு என்னைப் பார்த்து, ஆபரேஷனில் மார்பை முழுதாக எடுக்காமல் வடிவம் கெடாமல் காப்பாற்றுவதில் உங்கள் அம்மாவுக்கு விருப்பம் உண்டா, கேட்டுச் சொல்லுங்கள் என்றார்.

என் காதெல்லாம் சூடாகிவிட்டது. நம் வீட்டில் அந்த உறுப்புக்குப் பெயரே கிடையாது. ‘அங்கே’ என்போம், அதுவும் பெண்கள் மட்டும் இருந்தால். பின்னால் அப்பா நிற்கிறார். அவர் மூச்சு கேட்கிறது. அம்மாவிடம் நான் என்ன சொல்லைச் சொல்லிக் கேட்பது? அவர்களுக்கு அதெல்லாம் ஒன்றும் இல்லை டாக்டர் என்று ஆங்கிலத்தில் நானே சொல்லிவிட்டேன். டாக்டர் எழுதிக்கொண்டார். என்ன கேட்டார்கள் என்று அம்மா கேட்டாள். வயசு கேட்டார்கள் என்றேன். ஐம்பத்தொன்று என்றா சொன்னாய், ஐம்பதுதானே ஆகிறது என்று சண்டைக்கு வந்தாள்.

மூன்று வாரம் அப்படியே ஓடிவிட்டது. உங்களுக்கும் இதே நோய் வந்ததால் அம்மாவின் ரத்தத்தை வேறு ஊருக்கு அனுப்பிப் பார்த்தார்கள். பரம்பரைக் கோளாறு இல்லை என்று வந்துவிட்டது. இருந்தாலும் எனக்கும் உங்கள் பெண்ணுக்கும் தவறாமல் பரிசோதனை செய்யச் சொல்லியிருக்கிறார்கள், அக்காவிடம் சொல்லிவிடுங்கள். முழுதாக எடுப்பது என்று தேதியும் குறித்தாகிவிட்டது. நீங்கள் போனில், என்னைப் பாரு, ஒன்பது வருஷமா நல்லாத்தானே இருக்கேன் என்று சொன்னதை அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் அதையே பிடித்துக்கொண்டு தூங்கினேன்.

நேற்று முன்தினம், புதன்கிழமை, அந்த டாக்டரின் பிரிவு நர்ஸ் ஆபரேஷனுக்கு முன் பேச வேண்டும் என்று கூப்பிட்டார். வயதானவர். ஃபைலை ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படிப்பவர். ஒரு இடத்தில் விரல் நின்றது. வடிவம் பற்றி அக்கறை இல்லை என்று எழுதியிருக்கிறதே, நீங்களா சொன்னீர்கள் என்று அம்மாவிடம் கேட்டார். அம்மாவுக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தாள். பிறகு அவரிடம் சொன்னாள்:

“என் பொண்ணு சொல்லியிருப்பா சிஸ்டர். அவ சொன்னா சரியாத்தான் இருக்கும். படிச்சவ.”

பெரியம்மா, நான் பரீட்சையில் தோற்றதே இல்லை. அன்று அந்தச் சின்ன அறையில் தோற்றேன். நான் கேட்கவே இல்லை, நானாகச் சொல்லிவிட்டேன் என்று நர்ஸிடம் சொன்னேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. அவர் திட்டவில்லை. இந்த நாற்காலியில் உட்கார்ந்து நிறையப் பேர் இப்படித்தான் அடுத்தவருக்காகப் பதில் சொல்லியிருக்கிறார்கள் என்றார். கதவைச் சாத்திவிட்டு டாக்டரைக் கூட்டிவந்தார். அப்பா அதற்குள் வேனைப் பார்க்கப் போயிருந்தார்.

இந்த முறை டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்து, முழுக்கத் தமிழில், மெதுவாகச் சொன்னார். உங்களுக்கும் தெரியட்டும் என்று எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். கட்டியை மட்டும், சுற்றிலும் கொஞ்சம் நல்ல சதையோடு சேர்த்து எடுக்கலாம். ஆனால் கீழ்ப்பக்கத்தில் அப்படி எடுத்துவிட்டுச் சும்மா தைத்தால் அந்த இடம் குழி விழும், காம்பு கீழ்நோக்கி இழுத்துக்கொள்ளும். அதற்காக இப்போது, எடுக்கிற ஆபரேஷனிலேயே பக்கத்துச் சதையை நகர்த்திக் குழியை நிரப்பி, காம்பையும் சரியான உயரத்துக்கு ஏற்றி வைத்துவிடுகிறார்கள். அந்தப் பக்கம் சிறிதாகிவிடும் என்பதால், விரும்பினால் மறுபக்கத்தையும் பிறகு ஈடாகச் சிறிதாக்குவார்கள். அக்குளிலிருந்து ஒன்றிரண்டு நெறிக்கட்டியையும் எடுத்துப் பார்ப்பார்கள். எங்கே வெட்ட வேண்டும் என்று ஆபரேஷன் அன்று காலையில் நிற்க வைத்துப் பேனாவால் கோடு போடுவார்களாம். படுத்தால் சதை சாய்ந்து அளவு மாறிவிடும் என்பதால் நிற்க வைத்துத்தான்.

எதையும் மறைக்காமல்தான் சொன்னார். வெட்டி எடுத்ததன் விளிம்பைச் சோதித்துப் பார்ப்பார்கள், அதில் நோய் இருந்தால் மறுபடி ஆபரேஷன், சில சமயம் முழுதாக எடுப்பதிலேயே போய் முடியலாம். காயம் ஆறிய பிறகு சில வாரம் தினமும் வந்து கதிர்வீச்சு, அதாவது கரண்ட், வைத்துக்கொள்ள வேண்டும், அதைத் தட்டிக்கழிக்கவே கூடாது. ஆனால் அம்மாவின் நிலையில், மார்பை வைத்துக்கொண்டு கரண்ட் வைப்பதும் முழுதாக எடுப்பதும் உயிருக்கு ஒன்றுதான் என்றார். அதை அம்மா மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் அதே பதில். பிறகு டாக்டர் கொஞ்சம் சிரித்து, “கட்டியை எடுக்கிறது என் வேலையில பாதிதாம்மா. எடுத்த இடம் குழியா கிடந்தா, தினமும் குளிக்கும்போது நீங்க என்னைத்தானே திட்டுவீங்க?” என்றார்.

என் அக்காவுக்கு ஏன் அப்படிச் செய்யவில்லை என்று அம்மா கேட்டாள். உங்கள் பழைய சீட்டுகளை நாங்கள் காட்டியிருந்தோம். உங்களுக்கு இரண்டு இடத்தில் கட்டி இருந்தது, அன்றைக்கு உங்களுக்குச் செய்தது சரியான வைத்தியம்தான் என்றார். இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். உங்களுக்கு யாரும் குறை வைக்கவில்லை.

நர்ஸ் ஒரு ஆல்பம் கொடுத்தார். கழுத்துக்குக் கீழே, இடுப்புக்கு மேலே மட்டும். முகம் இல்லை. சம்மதித்தவர்களின் படங்கள். ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும். நான் ஜன்னலைப் பார்த்தேன். அம்மா பக்கம் பக்கமாகப் புரட்டினாள், கல்யாண வீட்டில் புடவை பார்ப்பதுபோல நிதானமாக. ஒரு படத்தில் விரலை வைத்து, இவங்க துணி துவைப்பாங்களா, கை முன்னமாதிரி தூக்க வருதா என்று மட்டும் கேட்டாள். துவைக்கிறார், கைக்குப் பயிற்சி சொல்லித் தருவோம் என்றார் நர்ஸ். வரும் புதன்கிழமை நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், மறுநாள் ஆபரேஷன். எந்த ஆபரேஷன் என்று கையெழுத்துப் போடுவது அப்போதுதான். அதுவரை யோசியுங்கள் என்று அனுப்பினார்கள்.

அப்பாவை வேலைக்கு அனுப்பிவிட்டு நாங்கள் பஸ்ஸில் வந்தோம். அம்மா யோசிக்கவே இல்லை. ஏறி உட்கார்ந்ததும், முழுசா எடுத்துடட்டும் என்றாள். கரண்ட் வைக்கப் பயமா என்றேன். இல்லை. திரும்ப வந்துவிடுமோ என்று பயமா என்றேன். அதுதான் ஒண்ணுன்னு சொல்லிட்டாங்களே என்றாள். அப்புறம் ஏன் என்று கேட்டேன். நான் அம்மாவிடம் இத்தனை கேள்வி கேட்டதே இல்லை. நாலு நிறுத்தம் தாண்டியது. பிறகு முன் சீட்டின் கம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அதை அப்படியே எழுதுகிறேன், பெரியம்மா. மாற்ற எனக்கு உரிமை இல்லை.

“அக்கா ஆபரேஷன் முடிஞ்சு சுவத்தைப் பார்த்துப் படுத்து அழுதுட்டே இருந்தா. நான்தான் சொன்னேன், அழாதக்கா, பிள்ளைங்க எல்லாம் வளர்ந்தாச்சு, இனி அது இருந்தா என்ன, இல்லாட்டி என்ன, யாரு பார்க்கப் போறான்னு. அப்பவே அழுகைய நிறுத்திட்டா. அதுக்கப்புறம் ஒரு நாளும் அழலை. நான் தேத்திட்டேன்னு பெருமையா இருந்துச்சுடி. இப்ப எனக்குன்னு வரும்போது மட்டும் வேணும்னு எந்த வாயால சொல்றது?”

  நானும்தான் அவளுக்காக, அதெல்லாம் ஒன்றும் இல்லை என்று சொன்னவள்.

வீட்டுக்கு வந்தபின் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆனால் நேற்றுக் காலை பல் துலக்கிக்கொண்டே, அந்த மூணாவது பக்கத்தில் இருந்தவங்களுக்கு என்ன வயசு இருக்கும் என்று கேட்டாள். முகமே இல்லாத படத்துக்கு வயசை நான் எப்படிச் சொல்வது? என்னைவிடப் பெரியவங்களாத்தான் இருப்பாங்க, வயித்தைப் பார்த்தா தெரியுது என்று அவளே சொல்லிக்கொண்டாள். இன்று காலையும் கேட்டாள். அம்மாவுக்கு ஆசை இருக்கிறது, பெரியம்மா. ஆசை என்றும் சொல்ல முடியாது. தன்னுடையது தன்னிடம் இருக்கட்டும் என்றுதான் நினைக்கிறாள். அதை உங்களுக்கு முன்னால் நினைக்கக் கூச்சப்படுகிறாள்.

இதற்கு மேல் எழுதுவதற்கு முன் இன்னொரு மன்னிப்பும் கேட்க வேண்டும். உங்களுக்கு ஆபரேஷன் ஆன மறுவருடம், பள்ளி விடுமுறைக்கு உங்கள் வீட்டில் பத்து நாள் இருந்தேன். வாய் பேசாத பிள்ளை என்று என்னை எல்லோரும் மறந்துவிடுவார்கள், அதனால் நான் நிறையப் பார்த்துவிடுவேன். பட்டப்பகலிலும் நீங்கள் விளக்கை அணைத்துவிட்டுத்தான் உடை மாற்றினீர்கள். உள்ளாடையைத் துண்டுக்கு அடியில் மறைத்துக் காயப்போட்டீர்கள், அதில் ஒரு பக்கம் மட்டும் பஞ்சு வைத்துத் தைத்திருந்தது. கடைக்குப் போகும்போது, சுமையே இல்லாவிட்டாலும், துணிப்பையை அந்தப் பக்கம் அணைத்தபடிதான் நடந்தீர்கள். எதிரில் யாராவது வந்தால் பை இன்னும் கொஞ்சம் மேலே ஏறும். ஒரு நாள் அண்ணன் குழந்தை ஓடிவந்து கட்டிக்கொண்டபோது அதை மெதுவாக மறுபக்கத்துக்கு மாற்றினீர்கள். இதையெல்லாம் நான் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள் என்றுதான் அம்மா ஒன்பது வருடமாக நம்புகிறாள்.

நான் பார்த்தது தவறாகவும் இருக்கலாம். அப்படியென்றால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, அதிகப்பிரசங்கி என்று என்னை நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இப்போது அடுத்தவர் மனதைப் பற்றி நானாகப் பதில் சொல்லப் பயமாக இருக்கிறது. அதனால்தான் உங்களிடமே கேட்கிறேன்.

இந்தக் கடிதத்தை எங்கள் ஆபீசின் இன்றைய கூரியர் பையில் நானே போடுகிறேன். திங்கட்கிழமை உங்கள் கையில் கிடைத்துவிடும். உங்களிடம் மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்று உறையின் மேல் எழுதியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மேல் அப்பாவும் நானும் வேலைக்குப் போய்விடுவோம், அம்மா தனியாக இருப்பாள். அண்ணியும் அந்த நேரம் குழந்தையைப் பள்ளியில் விடப் போய்விடுவார்கள் என்று முன்பு சொன்னீர்கள். அப்போது அம்மாவுக்குப் போன் செய்யுங்கள்.

அம்மாவிடம், வைத்துக்கொள் என்று நீங்கள் சொல்ல வேண்டாம். எடுத்துவிடு என்றும் சொல்ல வேண்டாம். அன்றைக்கு அவள் அப்படிச் சொன்னதும் உங்கள் அழுகை நிஜமாகவே நின்றுவிட்டதா, இல்லை அவளுக்காக நிறுத்திக்கொண்டீர்களா என்பதை மட்டும் சொல்லுங்கள். நிஜமாகவே நின்றது என்றால் அம்மா நிம்மதியாக எடுத்துக்கொள்ளட்டும், நானும் மறுவார்த்தை பேசமாட்டேன்.

அப்படி இல்லையென்றால், என்னிடம் எப்படி அப்படிச் சொன்னாய் என்று அவளிடம் கேட்டுவிடுங்கள். நீங்கள் கோபித்துக்கொள்ளாததால்தான் அவள் தனக்கென்று எதையும் கேட்க முடியாமல் நிற்கிறாள். நீங்கள் ஒன்பது வருடமாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்களுக்கும் களைப்பாக இருக்கும். ஒரே ஒரு முறை, உங்கள் தங்கையை வாய்விட்டுத் திட்டிவிடுங்கள், பெரியம்மா.

உங்கள் ஆசி வேண்டி,
உங்கள் தங்கை மகள்